சீமைச் சுண்ணாம்புப் பாறையும் அரியலூர்க் கடல் படிவமும்: ஒரே காலம், ஏன் வேறு வேறு கல்?

கென்ட்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் கென்ட் பக்கம், பிராட்ஸ்டேர்ஸில் இருக்கிறேன். சொந்த ஊர் லால்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இங்கே கடற்கரை நெடுகச் செங்குத்தாக வெள்ளைப் பாறை. சமீபத்தில் அடித்த புயலில் ஓரிடத்தில் சரிந்துவிட்டது. கீழே விழுந்த கட்டி ஒன்றில் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கல் பாதி வெளியே தெரிந்தது. இதய வடிவம். மேல்பக்கம் ஐந்து இதழ் விரிந்த அடையாளம், ஒவ்வொரு இதழிலும் ஊசித்துளை அளவில் வரிசையாகப் புள்ளிகள். சுற்றியிருக்கும் வெள்ளை நகத்தால் சுரண்டினாலே பொடியாக வருகிறது.

இது என்ன உயிர்? இன்னொரு கேள்வியும் உண்டு, அதற்காகத்தான் இந்த இழையே. சின்ன வயதில் டால்மியாபுரம் தாண்டும்போதெல்லாம் அப்பா, "இங்கேருந்து அரியலூர் வரைக்கும் ஒரு காலத்துல கடல்டா" என்பார். இங்கே பாறைக்குச் சொல்கிற காலமும் நம்மூர்ப் படிவத்துக்குச் சொல்கிற காலமும் ஒன்றுதான், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலம். அப்படியிருக்க நம்மூரில் ஏன் இந்த மாதிரி வெள்ளை வெளேரென்று ஒரு பாறைகூட இல்லை?

பாறைவாசகன்:

தம்பி, படம் போடாவிட்டாலும் நீங்கள் சொன்ன அடையாளமே போதும். அது மைக்ராஸ்டர். கடல் முள்ளெலி இனம். பாறையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிற உருண்டை முள்ளெலி அல்ல, கடலடிச் சேற்றைத் தோண்டி அதற்குள் புதைந்து வாழ்ந்த வகை. அந்த ஐந்து இதழிலும் உள்ள துளைகள் வழியாகத்தான் மூச்சு விடுவதற்கான குழாய்க்கால்கள் வெளியே வந்தன. உயிரோடு இருந்தபோது உடம்பு முழுக்கச் சன்னமான முட்கள் இருந்திருக்கும். செத்ததும் உதிர்ந்துவிடும், ஓடு மட்டும் மிஞ்சும்.

உங்கள் பக்கத்து ஊர் மார்கேட்டில் ஆர்தர் ரோ என்று ஒரு டாக்டர் இருந்தார். வைத்தியம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்தப் பாறைகளில்தான் கிடந்தார். பல் டாக்டர்கள் வைத்திருக்கும் துளைக்கருவியைக் கொண்டு இந்த ஓடுகளைச் சுத்தம் செய்தார். எதை எந்த அடுக்கிலிருந்து எடுத்தார் என்பதையும் விடாமல் குறித்து வைத்தார். 1899-ல் வெளியிட்டார். கீழ் அடுக்கிலிருந்து மேலே போகப் போக ஓடு அகலமாகிறது, இதழ்ப் பள்ளம் ஆழமாகிறது, வாய் முன்பக்கமாக நகர்கிறது. ஓர் உயிரினம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை அடுக்கடுக்காகக் கல்லிலேயே காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று. இன்றைக்கும் மைக்ராஸ்டர் எந்த வகை என்று பார்த்தே பாறையின் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். உங்கள் பக்கத்துப் பாறை சுமார் 8.5 கோடி ஆண்டுப் பழசு.

அடுத்து அந்த வெள்ளை. அதைப் "படிவத்தைச் சுற்றியிருக்கிற கல்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த வெள்ளையே படிவம்தான். கடலின் மேல்பரப்பில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி ஒன்று உண்டு, காக்கோலித்தோஃபோர் என்று பெயர். தன் உடம்பைச் சுற்றிக் கால்சியம் கார்பனேட்டில் குட்டிக் குட்டித் தட்டுகளைச் செய்து போர்த்திக்கொள்ளும். ஒரு தட்டு சில மைக்ரான்தான். ஐந்து மைக்ரான் என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்குள் இருநூறு தட்டுகளை வரிசையாக வைக்கலாம். உங்கள் நகக்கண்ணில் ஏறின வெள்ளைப் பொடியில் பெரும்பகுதி அந்தத் தட்டுகளும் அவற்றின் உடைசலும்.

இவ்வளவு சின்னது தனியாக மூழ்கிக் கடலடிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் காலம் பிடிக்கும், அதற்குள் நீரோட்டம் எங்கெங்கோ அடித்துக்கொண்டு போய்விடும். பாசியைத் தின்னும் நுண்ணிய கடற்பூச்சிகள்தான் வேலையைச் சுலபமாக்கின. அவை தின்று கழித்த எச்சத்தில் தட்டுகள் கட்டியாகச் சேர்ந்து சீக்கிரமே கீழே இறங்கின. சுற்றுலாக்காரர்கள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற டோவர் பாறையில் கணிசமான பங்கு பூச்சி எச்சம், சொன்னால் முகம் சுளிப்பார்கள். சேர்ந்த வேகம் ஆயிரம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர். அந்த வேகத்தில் மூன்று கோடி ஆண்டுக்கு மேல் விடாமல் சேர்ந்தது. டோவரில் நூறு மீட்டருக்கு மேல் நிற்கிறது, பீச்சி ஹெட்டில் 162 மீட்டர். வட கடலுக்கு அடியில் சில இடங்களில் ஒரு கிலோமீட்டர் தடிமனையும் தாண்டும்.

அரியலூர் கதை பெரிது. வேலை முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்:

//அந்த வெள்ளையே படிவம்தான்//

ஐயா, அப்படியானால் நான் தினமும் போர்டில் எழுதித் தேய்க்கிற சாக்பீஸும் கடல் பாசியா? நாளைக்கு வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் குதிப்பார்கள். அதற்கு முன்னால் உறுதி செய்துகொள்கிறேன்.

பாறைவாசகன்:

அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள் டீச்சர். நம்மூர் சாக்பீஸ் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து அச்சில் ஊற்றி எடுப்பது. அது ஜிப்சம், கால்சியம் சல்பேட். பாசித்தட்டு கால்சியம் கார்பனேட். கார்பனேட்டில் செய்த சாக்பீஸும் கடையில் கிடைக்கும். கையில் இருப்பது எது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டை நுணுக்கி இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட். சும்மா ஊறிப்போனால் ஜிப்சம்.

ஜிப்சம் என்றதும் ஒரு பழைய கூத்து ஞாபகம் வருகிறது. 1868-ல் நார்விச் நகரத் தொழிலாளர்களுக்கு முன்னால் தாமஸ் ஹக்ஸ்லி என்ற உயிரியலாளர் ஒரு சாக்கட்டியை வைத்துக்கொண்டு பூமியின் வரலாற்றையே சொன்னார். பிரமாதமான உரை. அதே ஆண்டு அவரே, அட்லாண்டிக் கடலடியிலிருந்து எடுத்து சாராயத்தில் போட்டு வைத்திருந்த சேற்றில் கொழகொழப்பாக ஏதோ இருப்பதைப் பார்த்து, உயிரின் ஆதிவடிவம் இதுதான் என்று பெயரும் வைத்துவிட்டார். பிறகு சேலஞ்சர் என்ற கடலாய்வுக் கப்பலில் போன வேதியியலாளர் சோதித்துப் பார்த்தார். கடல்நீரில் சாராயம் கலந்தால் கால்சியம் சல்பேட் திரண்டு கொழகொழவென்று படியும், அவ்வளவுதான் சங்கதி. ஹக்ஸ்லியும் ஒத்துக்கொண்டார்.

பஃறுளியாறு:

எல்லாரும் வெள்ளைக்காரன் பாறையைப் பற்றிப் பேசுகிறீர்கள். அரியலூரில் சிப்பி கிடக்கிறது, நத்தை கிடக்கிறது. கடல் உள்ளே வந்து போனதற்கு இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாக இலக்கியம் சொல்வது இதைத்தானே? ஆய்வாளர்கள் ஏன் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில்லை? கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிற மண்ணே கடலுக்கு அடியில் இருந்த மண் என்கிறபோது கூடவா?

ஆலத்தூரான்:

//இலக்கியம் சொல்வது இதைத்தானே//

அண்ணே, நான் பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் பக்கத்து ஊர்க்காரன். மாடு மேய்த்த காலத்திலிருந்து அந்த மண்ணைப் பார்க்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது உங்கள் கேள்விதான். கடல் இருந்தது உண்மை. ஆனால் அதைப் பார்க்க ஆள் இல்லை. ஆள் என்ன, குரங்கே இல்லை. பாறைவாசகன் ஐயா கணக்குச் சொல்வார்.

நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். திருச்சி - சென்னை பெரிய ரோட்டை விட்டு உள்ளே வந்தால், காரைக்கும் குளக்காநத்தத்துக்கும் நடுவில் காடு மாதிரியும் இல்லாமல் வயல் மாதிரியும் இல்லாமல் ஒரு பொட்டல் வரும். மழைத் தண்ணீர் அறுத்து அறுத்து எங்கு பார்த்தாலும் மேடும் ஓடையும்தான். பச்சையும் மஞ்சளும் கலந்த களிமண். காய்ந்தால் பொரிப்பொரியாக உதிரும், மழை பெய்தால் காலை விடாது. வெயிலில் எங்கு பார்த்தாலும் பளபளக்கும், கண்ணாடிச் சில்லு என்று நினைப்பீர்கள், எடுத்தால் ஜிப்சம். களிமண்ணின் விரிசலில் நார் நாராக ஓடும். அதற்கு நடுவில் சுண்டுவிரல் பருமனுக்கு, ஒரு முனை கூராக, பழுப்பாக உருண்டைக் குச்சிகள் கிடக்கும். உடைத்தால் உள்ளே நடுவிலிருந்து வெளியே கதிர் கதிராகக் கோடு. பெலம்னைட், கணவாய்க்குச் சொந்தம் என்று காலேஜ் பிள்ளைகளைக் கூட்டிவரும் வாத்தியார்கள் சொல்வார்கள். சுருட்டைக் கல் கிடைத்தால் அம்மோனைட், அதுவும் கணவாய் வகையறாவின் ஓடுதான். சாளக்கிராமம் என்று பூஜையில் வைத்திருக்கிறவர்களும் உண்டு.

பாறைவாசகன்:

பஃறுளியாறு, மரியாதையோடே சொல்கிறேன். அரியலூர்க் கடல் வந்து போனது ஏறக்குறைய 11 கோடி ஆண்டிலிருந்து 6 கோடி ஆண்டு முன்பு வரை. நம் இனமான மனிதனுக்கு வயது மூன்று லட்சம் ஆண்டு. கடல் கரையோர ஊர்களைக் கொண்டு போனது காவிரிப்பூம்பட்டினத்துக்கும் நடந்திருக்கலாம், தனுஷ்கோடிக்கு 1964-ல் நம் கண்முன்னேயே நடந்தது. அதற்கு அரியலூர்ச் சிப்பியைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை. இலக்கியத்துக்கும் அது பெருமை சேர்க்காது. சாளக்கிராமம் பற்றி ஒரு வார்த்தை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்புச் சாளக்கிராமமும் அம்மோனைட்தான், ஆனால் அது இதைவிட மூத்தது, ஜுராசிக் காலம். இமயமலையாக எழும்பும் முன்னால் அங்கே இருந்த வேறொரு கடல்.

இப்போது கென்ட்வாசி கேட்டதற்கு வருகிறேன். நம்மூர்ப் படிவமும் இங்கிலாந்து வெள்ளைப் பாறையும் ஒரே காலம் என்பது புதுச் செய்தி இல்லை. 1840-களிலேயே கே, கன்லிஃப் என்ற இரண்டு மதராஸ் அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேர்த்த சிப்பி, நத்தை, அம்மோனைட்டுகளை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை விவரித்து, ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் உயிர்களோடு ஒப்பிட்டுக் காட்டினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊர் ஊராகச் சுற்றி வரைபடம் போட்டு 1862-ல் அறிக்கை வெளியிட்டார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அவர் பிரித்த மூன்று தொகுதிகளைத்தான் இன்றைக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் வைத்து எழுதியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாக்காரர். அரியலூர் நத்தைக்கும் சிப்பிக்கும் அவர் எழுதியதைத் தாண்டிப் போவது இன்றைக்கும் கஷ்டம். 1874-ல் மத்திய ஆசியாவின் யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலையில் இறந்தார், வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது.

காலம் ஒன்றாக இருந்தும் கல் ஏன் வேறு? மேலிருந்து என்ன விழுந்தது என்பதைவிட, கரையிலிருந்து என்ன வந்தது என்பதுதான் காரணம்.

அந்தக் காலத்தில் பூமி சூடாக இருந்தது. துருவங்களில் பெரிய பனிப்படலம் இல்லை. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட நூறு மீட்டருக்கும் மேல் உயரம். ஐரோப்பாவில் பெரும்பகுதி முழுகி, எங்கேயோ தூரத்தில் சின்னச் சின்னத் தீவுகள்தான் மிச்சம். மண்ணைக் கொண்டுவந்து கொட்டப் பெரிய ஆறு பக்கத்தில் இல்லை. சில நூறு மீட்டர் ஆழம், கலங்காத தண்ணீர். அதனால் மேலிருந்து விழுந்த பாசித்தட்டு கலப்படமில்லாமல் அப்படியே சேர்ந்தது.

இந்தியா அப்போது தெற்கு அரைக்கோளத்தில் இருந்தது. மடகாஸ்கரிலிருந்து பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டு முன்பு. அரியலூர் ஒரு பெரிய நிலத்தின் கரையோரம். மேற்கே இப்போது நாம் பார்க்கிற அதே கிரானைட்டும் நைஸும் கலந்த பழம்பாறை. அதிலிருந்து ஆறுகள் மணலையும் களிமண்ணையும் சதா கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தன. காரையில் களிமண், கருடமங்கலத்தில் சிப்பி கலந்த மணற்பாங்கான சுண்ணாம்புக்கல், சில்லக்குடியில் மணல். பாசித்தட்டு இங்கும் விழுந்தது. காரைக் களிமண்ணைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் இருக்கும். கூட்டிப் பெருக்கின வாசலில் தூவிய கோலமாவு வெள்ளையாகத் தெரியும், லாரி போகிற ரோட்டோரம் தூவினதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மண் வரத்து குறைந்த இடங்களிலும் காலங்களிலும் நமக்கும் சுண்ணாம்புக்கல் கிடைத்தது. உங்கள் அப்பா சொன்ன கல்லக்குடி, 1953-ல் ஊர்ப்பெயருக்காகத் தண்டவாளத்தில் படுத்த அதே கல்லக்குடி, பவளமும் சுண்ணாம்புப் பாசியும் கட்டிய திட்டு. உங்கள் வெள்ளைப் பாறையைவிடக் கொஞ்சம் மூத்தது. அரியலூர்ப் பக்கத்துக் கல்லங்குறிச்சிக் கல் அதற்குப் பல கோடி ஆண்டு பிந்தியது, உங்கள் மைக்ராஸ்டருக்கும் இளையது. சுரங்க முகப்பில் பார்த்தால் உள்ளங்கை அகலச் சிப்பி, ஒன்றன் மேல் ஒன்று, மீட்டர் கணக்கில். அங்கே பாசி சிறுபான்மை, சிப்பிதான் கல்லைக் கட்டியது.

நல்லூர்க்காரி:

வணக்கம் எல்லாருக்கும். நான் ஹாரோவில இருக்கிறன். இந்தச் சுண்ணாம்புக் கதையை வாசிக்கேக்க எனக்கு எங்கட வீட்டுக் கேத்தில்தான் ஞாபகம் வந்தது. கிழமைக்கொருக்கா வினிகர் விட்டுக் கழுவினாலும் அடியில வெள்ளையாப் படியுது. தேத்தண்ணிக்கு மேல ஆடை கட்டுது. அதுவும் இந்தப் பாறையால வாறதோ?

இன்னொண்டு. யாழ்ப்பாணத்திலயும் கிணத்துத் தண்ணி அப்பிடித்தான். கல்லுக் கிணறு வெட்டேக்க சிப்பி, சோகி எல்லாம் கல்லோட ஒட்டினபடி வரும். அதுவும் இதே காலமோ அண்ணா?

பாறைவாசகன்:

சகோதரி, கேத்திலில் படிவது அதேதான். உங்கள் பக்கத்துத் தண்ணீரில் நிறைய சில்டர்ன் குன்றுகளின் சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவது. மழைத் தண்ணீர் பாறையைக் கரைத்து எடுத்து வருகிறது, நீங்கள் கொதிக்க வைத்ததும் திரும்பக் கல்லாகப் படிகிறது. நீங்கள் வினிகர் விட்டுக் கழுவுவது 8 கோடி ஆண்டுப் பழைய பாசியை.

யாழ்ப்பாணத்துக் கல் வேறு காலம். அது மையோசீன், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு. டைனோசரெல்லாம் போய் வெகுகாலத்துக்குப் பின். அங்கேயும் ஆறு இல்லாத ஆழமற்ற வெப்பக்கடல், அதனால்தான் அவ்வளவு சுத்தமான சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறையில் சிமெந்து ஆலை வந்ததும் அதனால்தான். உள்ளே கரைந்து கரைந்து குகைகளும் துவாரங்களும் உண்டு. நிலாவரைக் கிணறு அப்படி உண்டானது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு.

கென்ட்வாசி:

ஐயா, பிரமாதம். இரண்டு சந்தேகம் மிச்சம். வெள்ளைப் பாறைக்குள் கறுப்புக் கல் வரிசை வரிசையாக ஓடுகிறதே, அது எங்கிருந்து வந்தது? இன்னொன்று, ஆலத்தூரான் சொல்கிற அம்மோனைட் இங்கே என் கண்ணில் படவே இல்லை. முள்ளெலி, சிப்பிச் சில்லு, அவ்வளவுதான். துருப்பிடித்த கனமான உருண்டை ஒன்று கிடைத்தது, விண்கல்லோ என்று நினைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.

பாறைவாசகன்:

உருண்டை விண்கல் இல்லை. உடைத்தால் உள்ளே பித்தளை நிறத்தில் கதிர்கள் தெரியும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த மார்க்கசைட். சுண்ணாம்புப் பாறையில் ஏராளம். வீட்டுக்குள் அலமாரியில் வைக்காதீர்கள், ஈரக்காற்றில் பொரிந்து அமிலம் கக்கும், பக்கத்தில் இருக்கிற படிவத்தையும் கெடுக்கும்.

கறுப்புக் கல் சக்கிமுக்கி. முழுக்க சிலிக்கா. கடற்பஞ்சுகளின் உடம்பில் இருந்த நுண்ணிய சிலிக்கா ஊசிகள் சேற்றுக்குள் கரைந்தன. அந்தக் கரைசல் சேற்றுக்கு அடியில் சுண்ணாம்பை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் கல்லாக உறைந்தது. பெரும்பாலும் இறால் வகை உயிர்கள் தோண்டிய வளைகளில் உறைந்ததால் விரல் விரலாகக் கோணல்மாணலாக இருக்கும். வளைகள் ஒரே மட்டத்தில் இருந்ததால் வரிசை ஒரே மட்டத்தில் ஓடுகிறது. உங்கள் பக்கத்துப் பாறையில் உடையாமல் தகடாக ஓடுகிற ஒரு வரிசைக்கு விட்டேக்கரின் மூன்று அங்குலப் பட்டை என்றே பெயர். ஒரு முனையில் நின்று பார்த்தால் கடற்கரை நெடுக அதைத் தொடரலாம். சிலசமயம் முள்ளெலி ஓட்டுக்குள் சிலிக்கா நிரம்பி, ஓடு கரைந்து, உள்ளச்சு மட்டும் சக்கிமுக்கியில் கிடைக்கும்.

அம்மோனைட் விஷயம் சுவையானது. கால்சியம் கார்பனேட் இரண்டு விதமாகப் படிகமாகும், கால்சைட் என்றும் அரகோனைட் என்றும். முள்ளெலி ஓடும் பெலம்னைட்டும் பாசித்தட்டும் கால்சைட். அம்மோனைட் ஓடு அரகோனைட், சீக்கிரம் கரைந்துவிடும். அந்த வெள்ளைச் சேற்றில் ஓடு கரைந்துபோக, பெரும்பாலும் ஓர் அழுத்தம் மட்டும்தான் மிச்சம். நத்தைகளின் கதியும் அதேதான். ஆகவே சுண்ணாம்புப் பாறையில் நாம் பார்க்கிற கூட்டம் அந்தக் கடலின் முழு ஜனத்தொகை அல்ல, கரையாமல் தப்பியவர்களின் பட்டியல். அம்மோனைட் அங்கே இல்லாமல் இல்லை. சசெக்ஸில் பீஸ்ஹேவன் கடற்கரைக்கு ஓதம் வற்றுகிற நேரமாகப் போங்கள், தரைப்பாறையில் மாட்டுவண்டிச் சக்கர அளவுக்கு இருக்கும். ஜெர்மனியில் செப்பன்ராடேயில் 1895-ல் கிடைத்தது 1.8 மீட்டர் குறுக்களவு, அதுவும் உடைந்தது போக.

இந்த இடத்தில் நம்மூர் ஒரு படி மேலே. கருடமங்கலத்துக் கல்லில் நத்தையும் சிப்பியும் ஓட்டோடு இருக்கும். அறுத்து மெருகேற்றினால் சாம்பல் கல்லில் வெள்ளையும் பழுப்புமாகச் சிப்பிகள் எழும்பும். திருச்சினாப்பள்ளிப் பளிங்கு என்று வெள்ளைக்காரர்கள் அதில் அலங்காரப் பொருள் செய்து கொண்டுபோனார்கள். களிமண் கெட்ட பேர் வாங்கினாலும் காப்பாற்றுகிற வேலையில் கெட்டி.

ஆலத்தூரான்:

காப்பாற்றியதெல்லாம் இப்போது எங்கே போகிறது ஐயா? வட்டாரம் முழுக்க சிமெண்டு ஆலை. சுரங்கத்தில் வெடி வைத்து அள்ளி, லாரியில் ஏற்றி, அரைத்து, உலையில் போட்டுவிடுகிறார்கள். எங்கள் சின்ன வயதில் ஓடையில் காலை வைத்தால் படிவம். இப்போது வெளியூர்க்காரர்கள் சாக்கு கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள், இணையத்தில் விற்கிறார்கள் என்றும் கேள்வி. உருண்டைக் கல் கிடைத்தால் டைனோசர் முட்டை. 2020-ல் குன்னத்தில் தூர்வாரும்போது கிடைத்த உருண்டைகள் வாட்ஸப்பில் பட்ட பாடு தெரியுமே. புவியியல் ஆட்கள் வந்து பார்த்து முட்டை இல்லை என்று சொன்ன பிறகும் முட்டை முட்டை என்றுதான் ஓடியது.

பாறைவாசகன்:

சுரங்கத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது ஒருபக்கக் கதை இல்லை. கல்லங்குறிச்சிச் சிப்பிப் படுகையை முழு உயரத்துக்குப் பார்க்க முடிகிறது என்றால் வெட்டினதால்தான். இங்கிலாந்திலும் அப்படியே. கிடியன் மாண்டெல் 1822-ல் சசெக்ஸ் படிவங்களைப் பற்றிப் புத்தகம் போட்டாரே, அவர் சேகரித்ததில் நிறைய, சுண்ணாம்பு வெட்டிய கூலியாட்கள் எடுத்து வைத்துக் கொடுத்தவை. வெட்டுவது குற்றமில்லை. வெட்டுகிற இடத்தில் பார்க்கத் தெரிந்த ஓர் ஆளை நிறுத்தாததுதான் குற்றம். வாரத்துக்கு ஒரு நாள், வெடி வைத்த மறுநாள், முகப்பைப் பார்த்து, எந்த அடுக்கு என்று எழுதி, நாலு நல்ல துண்டை ஒதுக்கி வைக்கச் சொன்னால் ஆலைக்கு ஒரு செலவும் இல்லை. நான் இருந்த இடத்தில் கேட்டுப் பார்த்தேன். "உற்பத்தி நிற்கும்" என்று ஒரே வார்த்தை.

எடுத்தும் இழந்த கதை ஒன்று உண்டு. அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் ஒரு பெரிய எலும்புக்கூட்டின் பகுதிகள் கிடைத்தன, அதில் கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் அதற்கு புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். உலகத்திலேயே பெரிய டைனோசர்களில் ஒன்றா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. தீர்க்க வழியில்லை. எலும்பு அவ்வளவு உளுத்துப்போயிருந்ததால் பொடிந்தே போய்விட்டது, மிஞ்சியது சில படங்களும் வரைபடங்களும்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்:

வினிகர் சோதனை செய்தாயிற்று ஐயா. எங்கள் பள்ளி சாக்பீஸ் பொங்கவில்லை, ஜிப்சம்தான். ஒரு பையன் அவன் அப்பாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொண்டுவந்துவிட்டான். அது கொஞ்சமாக நுரைத்தது. ஏன் என்று கேட்கிறான்.

பாறைவாசகன்:

கெட்டிக்காரப் பையன். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு, அது நுரைக்காது. டப்பாவைத் திறந்து திறந்து வைத்ததில் காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து மேல்பகுதி திரும்பக் கார்பனேட்டாக மாறியிருக்கிறது. அதுதான் நுரைக்கிறது. அடியிலிருந்து புதிதாக எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், குறைவாக நுரைக்கும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதை மட்டும் நீங்களே கையாளுங்கள்.

கென்ட்வாசி:

கடைசியாக இரண்டு. மைக்ராஸ்டரை எப்படிச் சுத்தம் செய்வது? அம்மா போனில், "புளி போட்டுத் தேய், பித்தளைக் குடமே பளிச்சுன்னு வரும்" என்கிறார். ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், பையனையும் கூட்டிக்கொண்டு அரியலூர்ப் பக்கம் போகலாமா?

பாறைவாசகன்:

அம்மாவுக்கு என் வணக்கம், ஆனால் புளியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. ஓடும் சுண்ணாம்பு, சுற்றியிருப்பதும் சுண்ணாம்பு, அமிலம் இரண்டையும் சேர்த்தே தின்னும். முதலில் நல்ல தண்ணீரில் சில நாள் ஊறட்டும், தினம் தண்ணீரை மாற்றுங்கள். கடற்கரையில் எடுத்ததால் உப்பு ஏறியிருக்கும், அது போகாமல் காய்ந்தால் ஓடு பொரிந்து உதிரும். நிழலில் காயவைத்து, மூங்கில் குச்சியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, பழைய டூத்பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். இதழ்ப் பள்ளத்தில் ஊசி போதும். எடுத்த இடம், பாறையடியிலிருந்து எவ்வளவு தள்ளி, மூன்று அங்குலப் பட்டைக்கு மேலா கீழா, இதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் அழகான கல். உங்கள் கடற்கரை பாதுகாக்கப்பட்ட பகுதி, பாறைமுகத்தில் சுத்தியல் போடாதீர்கள். மழைக்கு மறுநாள் அடிவாரத்தில் நிற்கவும் வேண்டாம்.

ஆலத்தூரான்:

பொங்கல் சமயம் தோதுதான் அண்ணே. மே மாதம் வந்தால் அந்தப் பொட்டலில் நிற்க முடியாது. மழை முடிந்த கையோடு என்றால் ஓடை புதிதாக அறுத்திருக்கும், மண் காலைப் பிடிக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள். முதலில் வாரணவாசியில் இருக்கிற புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பையனுக்குக் காட்டிவிடுங்கள், பிறகு காட்டில் பார்த்தால் எது என்னவென்று அவனே சொல்வான். அங்கேயிருந்து சாத்தனூர் கல்மரம். பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு மரம் கல்லாகிக் கிடக்கிறது, 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, கம்பிவேலி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். காரைக்குச் சாயங்காலம் வாருங்கள், சாய்வெயிலில்தான் பெலம்னைட் கண்ணில் படும். பார்க்கலாம், படம் எடுக்கலாம், அள்ளக் கூடாது. ஆலைச் சுரங்கத்துக்குள் போக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், கேட்டிலேயே திருப்பிவிடுவார்கள். கிளம்பும் முன்னால் தனிமடலில் சொல்லுங்கள், பஸ் ஸ்டாப்புக்கு வண்டியோடு வந்துவிடுகிறேன்.